மூச்சு வாங்குதா? வயசு மேல பழி போடாதீங்க!



நம் நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோருக்கு சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. ஆரம்பாக்கம், எளாவூர், கும்மிடிப்பூண்டி பக்கம் நம் குழுக்களிலும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலர். "குடம் தூக்கினா மூச்சு வாங்குது, ரயில்வே படி ஏறினா நெஞ்சு அடைக்குது" என்று ஒருவர் சொன்னால், "கேஸா இருக்கும், வயசாயிடுச்சில்ல" என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான்.

மோட்டாரும் வால்வும்

இதயத்தைத் தண்ணீர் மோட்டாராக நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் உடம்புக்குப் போகும் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. அது முழுசாகத் திறந்தால் 3 முதல் 4 சதுர செ.மீ. இருக்கும். வயதாக ஆக அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகலாம். பிறவிக் கோளாறாலும், சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலாலும் சுருங்கலாம். 1 சதுர செ.மீ.க்கும் கீழே போனால் கடுமையான சுருக்கம்.

மோட்டாருக்குக் கரண்டு வேண்டும் அல்லவா? அதுபோல இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்கள் தனியாக உண்டு. அவற்றில் கொழுப்பு படிந்தால் அதுதான் மாரடைப்புக்கு வழி. சர்க்கரை நோய் இந்த அடைப்பைச் சீக்கிரம் கொண்டுவரும்.

வால்வு இறுகினாலும் மோட்டார் திணறும், கரண்டு குறைந்தாலும் திணறும். வெளியில் தெரிவது ஒன்றேதான்: நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், மயக்கம். கடுமையான வால்வு சுருக்கம் உள்ள வயதானவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குழாய் அடைப்பும் சேர்ந்தே இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நரம்பு மரத்துப்போவதால், அடைப்பு இருந்தும் வலியே தெரியாமல் போகலாம். அதனால் வலியை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

டாக்டர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

1. ஸ்டெதாஸ்கோப்: வால்வு இறுகினால் இரைச்சல் சத்தம் கேட்கும்.

2. ஈ.சி.ஜி.: முதல் படிதான். இதயச் சுவர் தடித்திருந்தால், அடைப்பு இல்லாமலே அடைப்பு போலக் கோடு காட்டலாம்.

3. எக்கோ ஸ்கேன்: வால்வு எவ்வளவு திறக்கிறது என்று வலியில்லாமல் காட்டும்.

4. டிரெட்மில்: கடுமையான வால்வு சுருக்கத்தோடு மூச்சு வாங்கலோ மயக்கமோ இருப்பவர்களுக்கு இது கூடாது, ஆபத்து. அதனால் எக்கோ முதலில் எடுக்க வேண்டும்.

5. ஆஞ்சியோ: மணிக்கட்டு அல்லது தொடை வழியாகச் சின்னக் குழாய் விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுப்பார்கள். அடைப்பைத் தெளிவாகக் காட்டுவது இதுதான். சிலருக்கு சி.டி. ஸ்கேனிலேயே பார்ப்பார்கள். ஆனால் சுண்ணாம்பு அதிகம் படிந்திருந்தால் படம் தெளிவாக இருக்காது.

சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். அதனால் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முன்னாடியே வேண்டும். மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்த வேண்டுமா, எப்போது திரும்ப ஆரம்பிக்க வேண்டும் என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள்.

ஏன் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்?

சுருங்கிய வால்வைத் திறக்க மாத்திரை கிடையாது, மாற்றத்தான் வேண்டும். ஆபரேஷனுக்கு முன்பே அடைப்பு தெரிந்தால், வால்வையும் மாற்றி பைபாஸையும் ஒரே தடவையில் செய்துவிடலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு 1990-லேயே நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. நெஞ்சைத் திறக்காமல் குழாய் வழியாக வால்வு வைக்கும் முறை 2002-ல் பிரான்சில் தொடங்கி, இப்போது இங்கேயும் உண்டு.

எங்கே போவது, பணத்துக்கு என்ன வழி?

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் தன்னார்வலரிடம் சர்க்கரை, பிரஷர் மட்டுமல்ல, மூச்சு வாங்கலையும் சொல்லுங்கள். ஆரம்பாக்கத்தில் ரயில் ஏறினால் சென்னை சென்ட்ரல். எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். விவரத்துக்கு 1800 425 3993. கந்து வட்டிக்குப் போகும் முன் இதைக் கேளுங்கள். போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும் குழுவின் உள்கடன் போதும்.

மறக்கக் கூடாதது

பக்கத்து வீட்டுக்காரர் நாக்கடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். வால்வு சுருங்கியவர்களுக்கு பிரஷர் திடீரென இறங்கி மயக்கம் வரலாம். நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே 108.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

• நம் குழுவில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர்?

• அவர்களில் மூச்சு வாங்கல், மயக்கம் உள்ளவர்கள் யார்? ஈ.சி.ஜி., எக்கோ எடுத்தார்களா?

• எல்லோரிடமும் காப்பீட்டு அட்டை இருக்கிறதா?

தவணை கட்டத் தவறினால் வீடு தேடிப் போய் விசாரிக்கிறோம். மூச்சு வாங்கும் சகோதரியையும் அதேபோல விசாரிப்போம், கையோடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவோம்.