கைப்பேசிக்கும் காவல் வேண்டும்

சென்ற தை மாதத்தில் நம் கைப்பேசிக்கு ஒரு திருமண அழைப்பிதழ் வந்தது. அனுப்பிய எண் நெருங்கிய உறவினருடையது. முகூர்த்த மாதமாதலால் ஐயம் எழவில்லை, தொட்டோம். "இதனை நிறுவலாமா? குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதிக்கிறீர்களா?" எனக் கைப்பேசி கேட்டது. வினாவை முழுவதும் படித்த பின்னரே விடை எழுத வேண்டும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் மாணவியருக்குச் சொல்லி வந்த நாம், ஒன்றையும் படிக்காமல் எல்லாவற்றிற்கும் இசைவு தந்தோம். அழைப்பிதழ் திறக்கவில்லை. பேத்தியிடம் கேட்கவும் கூச்சம், விட்டுவிட்டோம்.

மறுநாள் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். "டீச்சர், நீங்கள் அனுப்பிய பத்திரிகை என்றுதான் திறந்தேன். வங்கியில் இருந்த பணம் போய்விட்டது" என்றாள். நாம் எதையும் அனுப்பவில்லை. நம் கைப்பேசி அனுப்பியிருந்தது. நம் கணக்கில் ஒரு ரூபாயும் குறையவில்லை. நம்மை நம்பியவள் இழந்தாள். அன்று முதல் இதனை ஒரு பாடமாகவே படிக்கலானோம். கற்றதை வாசக அன்பர்களுக்கு முறைப்படுத்தித் தருகின்றோம்.

தீநிரல் என்பது யாது?

தீங்கு செய்வதற்கென்றே எழுதப்பட்ட கணினி நிரல் தீநிரல் எனப்படும். வைரஸ் என நாம் பொதுவாகச் சொல்வது அதில் ஒரு வகையே. அது பெரும்பாலும் இரு வழிகளில் நுழைகிறது. ஒன்று, நாமே திறந்துவிடும் கதவு. மற்றொன்று, நாம் பழுது பாராது விட்ட கதவு.

நாம் திறந்துவிடும் கதவு

2000ஆம் ஆண்டு மே 4ஆம் நாள், பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் பரவத் தொடங்கியது. உடன் வந்த கோப்பு காதல் கடிதம் எனப் பெயர் தாங்கியிருந்தது. அது கடிதமன்று, நிரல் என்பதைக் காட்டும் 'வி.பி.எஸ்.' என்னும் எழுத்துகள் பெயரின் இறுதியில் இருந்தன. விண்டோஸ் கணினிகளோ அவ்விறுதி எழுத்துகளை வழக்கமாக மறைத்தே காட்டின. திறந்தவரின் படக் கோப்புகளை அது அழித்தது. அவருடைய முகவரிப் பட்டியலில் இருந்தோர்க்கெல்லாம் தன்னைத் தானே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்தமையால் அவர்களும் திறந்தனர். இவ்வாறு பல இலட்சம் கணினிகள் பாதிப்புற்றன.

நமக்கு வந்த அழைப்பிதழும் அம்முறையினதே. அதன் இறுதி எழுத்துகள் 'ஏ.பி.கே.', ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்புக்கு உரிய அடையாளம் அது. அழைப்பிதழ் படமாக வரலாம், 'பி.டி.எஃப்.' கோப்பாகவும் வரலாம்; செயலியாக வர வேண்டுவதில்லை. குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டது எதற்காக? வங்கி அனுப்பும் ஓ.டி.பி. எண்ணைக் கவர்வதற்காக.

பழுது பாராத கதவு

2017ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் 'வான்னாகிரை' என்னும் தீநிரல் 150க்கும் மேற்பட்ட நாடுகளில் பரவிற்று. அது கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் பல நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. அது பரவுவதற்கு எவரும் எதையும் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸில் இருந்த ஒரு குறையே போதுமாயிருந்தது. அக்குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14ஆம் நாளே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாகியும் அதனை நிறுவாத கணினிகளே பெரிதும் சிக்கின.

மேற்கொள்ள வேண்டிய ஒழுங்குகள்

1. கைப்பேசி 'புதுப்பிக்கவும்' என்று கேட்டால் நாள் கடத்தலாகாது. புதுப்பித்தல் நின்றுபோன பழைய கருவியில் வங்கி அலுவல் வேண்டா.

2. செய்தியில் வரும் செயலியை நிறுவலாகாது. அனுப்பியவர் உறவினரே ஆயினும், தொலைபேசியில் அழைத்துக் கேட்பது நன்று.

3. ஒவ்வொரு கணக்கிற்கும் வெவ்வேறு கடவுச்சொல் வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அதனையும் இயக்குக.

4. குடும்பப் படங்கள், பத்திரங்கள் ஆகியவற்றின் பிரதியைத் தனி வட்டில் சேமித்து, கணினியிலிருந்து கழற்றி வைக்க வேண்டும்.

நேர்ந்துவிட்டால் செய்வது

உடனே இணையத் தொடர்பைத் துண்டிக்க வேண்டும். வேறொரு தொலைபேசியிலிருந்து வங்கிக்கும், இணையவழிப் பண மோசடிக்கான 1930 என்னும் அரசு உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். காலம் தாழ்த்தாது சொன்னால் பணம் கைமாறுமுன் தடுக்க வாய்ப்புண்டு. பின்னர், நம் எண்ணிலிருந்து வந்த எதையும் திறக்க வேண்டா என உற்றாரை எச்சரிக்க வேண்டும். கருவி அறிந்தவரைக் கொண்டு செயலியை நீக்கி, வேறு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுதல் வேண்டும்.

இவற்றுள் நாம் தவறியது, சொல்லாமல் இருந்தமையே. அன்று மாலையே பேத்தியிடம் கேட்டிருந்தால், நம் மாணவிக்கு ஓர் எச்சரிக்கையேனும் சென்றிருக்கும். முதியோர் கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும். இளையோர் நகைக்காது விளக்க வேண்டும்.

பயிற்சி (குடும்பத்தோடு அமர்ந்து செய்க)

1. உங்கள் கைப்பேசியில் எந்தெந்தச் செயலிகள் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி பெற்றுள்ளன?

2. கடைசியாக எந்நாளில் அதனைப் புதுப்பித்தீர்கள்?

3. 1930 என்னும் எண் வீட்டில் அனைவர் கண்ணிலும் படும்படி எழுதி வைக்கப்பட்டுள்ளதா?