குளிரில் உறைந்தது காற்றாலை மட்டுமா?

2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் பனிப்புயலில் சிக்கியது. 45 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் போனது. அரசுக் கணக்கின்படியே 246 பேர் இறந்தார்கள். பழி உடனே காற்றாலைகள் மீது விழுந்தது. “காற்றையும் வெயிலையும் நம்பினால் இதுதான் கதி, நிலக்கரியும் எரிவாயுவும்தான் கைகொடுக்கும்” என்ற பேச்சு நம் ஊர்வரை வந்திருக்கிறது. சேலத்தில் தறிக்கூடத்தின் மேலும், நாமக்கல்லில் கோழிப்பண்ணைக் கொட்டகையின் மேலும் சோலார் போடலாமா என்று கணக்குப் பார்ப்பவர்களை அது குழப்புகிறது. லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் வதந்தியை நம்பி முடிவெடுக்கக் கூடாது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: டெக்சாஸை இருட்டாக்கியது உறைந்துபோன காற்றாலைகள்.

உண்மை: காற்றாலைகளும் உறைந்தன. ஆனால் அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 நவம்பர் அறிக்கை, டெக்சாஸிலும் சுற்றியுள்ள பகுதிகளிலும் முடங்கிய 1,045 மின் உற்பத்தி அலகுகளில் 58 சதவீதம் இயற்கை எரிவாயுவில் ஓடியவை என்கிறது. குழாய்களும் அளவுக் கருவிகளும் உறைந்தன. எரிவாயுக் கிணறுகளும் உறைந்தன. அவற்றின் இயந்திரங்களுக்கான மின்சாரமும் நின்றதால் எரிவாயு வரத்து மேலும் குறைந்தது. ஓர் அணு உலையே, உணர்கருவிக் குழாய் உறைந்ததால் நின்றது. ஹெலிகாப்டர் மூலம் காற்றாலையின் பனியை அகற்றும் படம் ஒன்று அப்போது பரவியது. அது பல ஆண்டுகளுக்கு முன் சுவீடனில் எடுத்தது. 2011-இல் இதே போன்ற குளிர் வந்தபோதே இயந்திரங்களைக் குளிருக்குத் தயார்செய்யும்படி டெக்சாஸுக்குச் சொல்லப்பட்டது. பல நிலையங்கள் அதைச் செய்யவில்லை. தோற்றது முன்னேற்பாடு.

நம்பிக்கை 2: கடுங்குளிரில் காற்றாலையும் சோலாரும் படுத்துவிடும், டீசலும் தண்ணீரும் என்றும் ஓடும்.

உண்மை: சுவீடன், பின்லாந்து, கனடாவில் இறக்கைகளைச் சூடாக்கும் வசதியோடு காற்றாலைகள் பனியிலும் சுற்றுகின்றன. சோலார் பலகைக்குக் குளிர் நல்லது, சூடுதான் எதிரி. பலகையின் சூடு 25 டிகிரியைத் தாண்டினால், கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். குளிர் நாடுகளில் சோலாரைக் கெடுப்பது பலகையை மூடும் பனியும் குறுகிய பகலும்தான்.

டீசலோ குளிரில் கெட்டிப்படும். அதனால்தான் மைனஸ் 33 டிகிரி வரை கெட்டிப்படாத குளிர்கால டீசலை 2019 நவம்பரில் லடாக்குக்காக இந்தியன் ஆயில் கொண்டுவந்தது. காஷ்மீரிலோ குளிர்காலத்தில் ஆறுகள் சுருங்குவதால் நீர்மின் உற்பத்தி விழுகிறது. எந்த எரிபொருளும் எல்லாப் பருவத்துக்கும் பொருந்துவதில்லை.

நம்பிக்கை 3: நமக்கும் குளிர்காலம்தான் சோதனை.

உண்மை: சேலம், நாமக்கல் சமவெளியில் மார்கழிக் குளிர் போர்வையோடு முடிந்துவிடும். நம் சோதனை சித்திரையில். தமிழ்நாட்டின் மின்தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அந்த வெயிலில் கோழிகள் தீனியைக் குறைக்கும், முட்டை குறையும், மூச்சிரைத்துச் சாகவும் செய்யும். பண்ணையில் மின்விசிறியும் நீர்த்தெளிப்பானும் நிற்கவே கூடாத நேரம் அது. பலகை சூடாகிச் சற்று இழந்தாலும், பகல் தேவை உச்சத்தில் இருக்கும்போது சோலாரும் நிறையவே தருகிறது. அது கைவிடுவது பொழுது சாய்ந்த பிறகு. ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்திலும் உற்பத்தி குறையும்.

நம்பிக்கை 4: மேட்டூர் பக்கத்திலேயே இருக்கிறது, நமக்கென்ன கவலை?

உண்மை: மேட்டூர் அனல் மின் நிலையத்தின் திறன் 1,440 மெகாவாட். அதன் மின்சாரம் மாநிலத் தொகுப்புக்குப் போகிறது; நமக்கென்று ஒதுக்கியது அல்ல. அதற்கான நிலக்கரி ஒடிசாச் சுரங்கங்களிலிருந்து கப்பலும் ரயிலும் ஏறி வர வேண்டும். 2021-இல் நீண்ட மழை சுரங்கங்களைப் பாதித்து, அக்டோபரில் நாடெங்கும் அனல் நிலையங்களில் இருப்பு கரைந்தது. 2022 ஏப்ரலில் வெயிலும் நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்து வந்தன. நிலக்கரி ரயில்களுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களையே ரத்துசெய்தார்கள். மத்தியத் தொகுப்பிலிருந்து 750 மெகாவாட் திடீரென நின்றதால் தமிழ்நாட்டில் பல ஊர்கள் இருண்டன.

மேட்டூர் அணையின் நீர்மின் நிலையங்களும் பருவத்துக்குக் கட்டுப்பட்டவைதான். வழக்கமாக ஜூன் 12-இல் பாசனத்துக்குத் திறக்கும் அணை, 2024-இல் நீர் போதாமல் ஜூலை 28-இல்தான் திறந்தது.

நம்பிக்கை 5: கூரையில் சோலார் இருந்தால் கரண்ட் போனாலும் நமக்கு இருக்கும்.

உண்மை: மின்வாரிய இணைப்போடு மட்டும் ஓடும் சோலார், கரண்ட் போனதும் தானே நின்றுவிடும். கம்பத்தில் வேலைசெய்யும் லைன்மேனின் உயிரைக் காக்க வைத்த ஏற்பாடு அது. கரண்ட் இல்லாத நேரத்திலும் ஓட வேண்டுமானால் பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் வேண்டும். இதைச் சொல்லாமல் சோலார் விற்பவரிடம் வாங்காதீர்கள். பண்ணை வைத்திருப்பவர்கள் ஜெனரேட்டரையும் விற்றுவிட வேண்டாம்.

நம்பிக்கை 6: அப்படியானால் நிலக்கரியை இன்றே மூடிவிடலாம்.

உண்மை: முடியாது. தமிழ்நாட்டின் காற்று மே முதல் செப்டம்பர் வரை வாரி வழங்கும். மற்ற மாதங்களில் இளைத்துவிடும். இரவில் சூரியன் இல்லை. மிஞ்சிய மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றி, மாலையில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் கடம்பாறை நிலையம் போன்றவை இன்னும் பல வேண்டும். நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா திட்டம் அதற்காகவே. சேமிப்பு வளரும் அளவுக்குத்தான் நிலக்கரியின் பங்கு குறையும்.

ஆகவே, இனி யாராவது “இது நம்பகமானது, அது நம்பகமற்றது” என்றால் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த மாதத்தில், எந்த நேரத்தில், அது நின்றால் அடுத்து எது? டெக்சாஸில் மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லாததால்தான் அத்தனை உயிர்கள் போயின. நம் சித்திரை வெயிலுக்கான பதிலை மின்வாரியமும் அரசும் தை மாதத்திலேயே சொல்ல வேண்டும். நாமும் கேட்டு வாங்க வேண்டும்.