மாலைப் பசியும் கடைத்தெருப் பழக்கமும்

உடலின் எடையைக் குறைத்தல் வேண்டுமென்று கருதும் மாணாக்கர் தொகை நம்மிடையே ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. விடுதியில் உறைவாருள்ளும், நாடோறும் வீட்டிலிருந்து வந்து செல்வாருள்ளும் இவ்வெண்ணம் பரவியிருத்தலை நாம் காண்கின்றோம். இது வீண் கவலையன்று. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்டிருள் 100-க்கு 40 பேரும், ஆடவருள் 100-க்கு 37 பேரும் அளவிற்கு மிஞ்சிய எடையுடையராயிருந்தனர். ஆயினும், ஜூன் மாதத்தில் உறுதி பூண்டாருட் பலர் ஆடி கழியுமுன்னரே அதனைக் கைவிடுகின்றனர். அவர் கைவிடும் இடமும் பெரும்பாலும் ஒன்றே. அது வாயிலுக்கெதிரே மாலையில் விளக்கேற்றி நிற்கும் ஃபாஸ்ட் ஃபுட் கடை. அஃது ஏன் என்பதையும், அதனின்று விலகுமாறு யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஃபாஸ்ட் ஃபுட் என்பதைத் துரித உணவு என்று பெயர்த்து வழங்குகின்றோம். இப்பெயர் மயக்கந் தருவது. விரைவிற் கிடைத்தலே குற்றமாயின், இட்லியைக் காட்டிலும் குற்றமுடைய உணவு நம் நாட்டில் இராது. மாவு ஆயத்தமாயிருப்பின், அது கால் மணி நேரத்திற்குள் வெந்து இலைக்கு வந்துவிடும். ஆதலின், நாம் பேசப் புகுந்தது விரைவைப் பற்றியன்று. இப்பெயரைத் தாங்கி நிற்கும் கடைகள் இங்கே இருவகைப்படும். ஒன்று, அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் கிளைவிட்ட பெருநிறுவனங்களின் கடை. மெக்டொனால்டு என்னும் உடன்பிறந்தார் இருவர் 1948-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சான் பெர்னார்டினோ நகரில் தம் கடையின் பண்ட வகைகளை மிகச் சிலவாகக் குறைத்து, சமையலை ஆலைத்தொழில்போற் பகுத்து, ஆளுக்கொரு வேலையாக்கி நடத்தினர். அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1996-இல் இந்தியாவிற்கு வந்தது. மற்றொன்று, நம் ஊர்த் தெருக்களில் மாலை ஐந்து மணிக்குமேற் கிளம்பும் தள்ளுவண்டி. அங்கே அடுப்பு சீறும். அகன்ற வாணலியில் ஃப்ரைடு ரைசும் நூடுல்ஸும் புரளும். சில்லி சிக்கன் எண்ணெயினின்று செந்நிறமாய் எழும். பக்கத்துப் பரோட்டாக் கடையிற் கொத்துப் பரோட்டாவைக் கொத்தும் ஓசையோ தெருமுனை வரையிற் கேட்கும். மாணாக்கர் பெரும்பாலோர்க்குப் பழகிய இடம் இந்த இரண்டாவதே.

இவ்வுணவு எடையை ஏற்றுமாறு எங்ஙனமெனின், கணக்கு எளியது. மாவுப்பொருள் ஒரு கிராமிற்கு 4 கலோரி தருமாயின், கொழுப்பு 9 கலோரி தரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 14 கிராம். அதிலுள்ளது 120 கலோரிக்கு மேல். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதனை நடந்தே செலவிட வேண்டுமாயின் இரண்டரைக் கிலோமீட்டராவது நடத்தல் வேண்டும். வண்டிக்காரரின் கரண்டியோ மேசைக்கரண்டியன்று. அவர் ஊற்றும்போது அளந்து ஊற்றுவாருமல்லர். இரண்டு பரோட்டாவும் சால்னாவும் ஏறத்தாழ 600 கலோரி என்று கொண்டால், அது விளையாட்டுத் திடலில் ஒரு மாலை முழுதும் ஓடிய ஓட்டத்தைப் பத்து நிமிடத்தில் ஈடுசெய்துவிடும்.

கலோரியினும் நுண்ணியது ஒன்றுண்டு. அமெரிக்காவில் பெதெஸ்தா நகரத்துள்ள தேசியச் சுகாதார நிலையங்களின் மருத்துவமனையில், கெவின் ஹால் என்பாரும் அவர் துணைவரும் 20 பேரைத் தங்க வைத்து ஆய்ந்து, அதன் முடிவை 2019-இல் வெளியிட்டனர். இரண்டு வாரம் ஆலையிற் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் இயல்பான உணவும் அவர்க்கு அளிக்கப்பட்டன. தட்டில் வைத்த கலோரியும் சர்க்கரையும் கொழுப்பும் நார்ப்பொருளும் இருவகையிலும் ஒத்திருந்தன. வேண்டியமட்டும் உண்ணலாம் என்பதே ஏற்பாடு. பதப்படுத்திய உணவை உண்ட நாட்களில் அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி மிகுதியாக உண்டனர். இரண்டு வாரத்தில் 900 கிராம் ஏறினர். மற்றை இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கினர். விரைவாக உண்டனர் என்பதும் அங்கே குறிக்கப்பட்டது. மெல்லும் வேலை குறைந்த உணவில், போதும் என்னும் செய்தி வயிற்றினின்று மூளைக்கு எட்டுமுன்னரே தட்டு ஒழிந்துவிடுதல் கூடும். தள்ளுவண்டி உணவு முழுவதும் ஆலையுணவன்று. எனினும் மென்மை, உப்பு, எண்ணெய் ஆகிய மூன்றிலும் அதன் உறவே.

நிற்க. இவையெல்லாம் அறிந்த மாணவரும் மாலை ஆறு மணிக்கு அவ்வண்டியின் முன் நிற்கின்றாரே, அஃதென்னை? விலங்கியல் பயில்வாரும் அங்கே நிற்கின்றனர். உணவியல் பயில்வாரும் நிற்கின்றனர். அறிவின்மை காரணமன்று. சுவை காரணமோ எனின், அதுவும் நாம் நினைக்குமளவு இல்லை.

2011-இல் வெளியான ஆராய்ச்சியொன்று இவ்விடத்துக் கருதத்தக்கது. டேவிட் நீல், வெண்டி வுட் முதலியோர் படக்காட்சி காண வந்தோர்க்குச் சோளப்பொரி கொடுத்தனர். சிலர்க்குப் புதிதாய்ப் பொரித்தது. சிலர்க்கு ஏழு நாட்பட்டு நமுத்துப்போனது. படம் பார்க்கும்போதெல்லாம் பொரி தின்று பழகியவர்கள், நமுத்த பொரியையும் புதுப்பொரிக்கு நிகராகவே தின்று தீர்த்தனர். நன்றாயில்லை என்று அவர்களே கூறினர், கையோ நிற்கவில்லை. ஆனால், பொரியை ஒரு கூட்ட அறையில் வைத்துக் கொடுத்தபோது, அப்பழக்கமுடையாரும் நமுத்ததைக் குறைவாகவே தின்றனர். பிறிதொருமுறை, வழக்கமான கையை விடுத்து மற்றைக் கையால் எடுத்துண்ணச் செய்தபோதும் அங்ஙனமே ஆயிற்று. பழக்கம் நாவில் மட்டும் உறைவதன்று. இடத்திலும் நேரத்திலும் கையின் போக்கிலும் உறைவது என்பது இதனாற் பெறப்படும். பரோட்டாக் கல்லில் எழும் ஓசை நம் காதில் விழுந்தவுடன் கால் தானே திரும்புகின்றதன்றோ? அங்கே தீர்மானிப்பவர் நாமல்லேம், அவ்வோசையே.

இவ்வுண்மையை அறியாதார் இதனை மனவலிமையின் குறையாகக் கொண்டு தம்மைத்தாமே இகழ்கின்றனர். நண்பரும் சேர்ந்து இகழ்கின்றனர். பருத்த மாணவரொருவர்க்குக் குண்டு என்று பெயரிட்டு மூன்றாண்டும் அப்பெயராலேயே அழைத்து மகிழ்வாரை நாம் விடுதிகளில் அறிவோம். அவர் அவ்விகழ்ச்சியின் துயரை எங்கே ஆற்றிக்கொள்கின்றார் என்று அவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. திருவள்ளுவர் கள்ளுண்ணாமையையும் சூதையும் இரண்டு அதிகாரங்களிற் கடிந்துவிட்டு, அடுத்த அதிகாரத்தில் உணவின் அளவைப் பேசுகின்றார். ஆனால், அதற்கு அவர் இட்ட தலைப்பு மருந்து என்பது. அவ்வதிகாரத்துப் பத்துக் குறள்களுள் ஆறு, உண்டது அற்றதறிந்து அளவாய் உண்ணுதலைப் பற்றியனவே. பேருண்டியைப் பழியாக வைத்துத் தூற்றாது, உடம்பின் ஒழுங்காக வைத்து ஆராய்ந்த அம்முறை நமக்கு உவப்பாகின்றது.

இனி, எடை குறைக்க முயல்வார் செய்யும் பெரும்பிழை ஒன்றைக் கூறுவோம். இத்தகைய மாணவரை எவ்விடுதியிலும் காணலாம். காலையுணவை விடுவார், நண்பகலில் சோற்றைப் பாதியாக்கிக் குழம்பையும் ஒதுக்குவார், நான்கு மணி வகுப்பில் தலை சுற்றும், ஆறு மணிக்கு வண்டியின் முன் நிற்பார். நாள் முழுதும் மிச்சப்படுத்தியது ஒரு தட்டிற் போய்விடும். அதன் மேலும் போகும். மறுநாள் கழுவாயாக மீண்டும் காலையுணவை விடுவார். பழக்கத்தை முறிக்கவென்று மேற்கொண்ட பட்டினியே அதற்கு விறகாகின்றது.

பசி மனிதரை என்செய்யும் என்பதை நன்கு காட்டிய சோதனை மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆண்டுகளில் நடந்தது. சமயக் கொள்கையாற் படைக்கலம் ஏந்த மறுத்த இளைஞர் 36 பேர் அதற்குத் தாமே முன்வந்தனர். குவேக்கர், மெனோனைட்டு, பிரதரன் சபையினர் அவருட் பலர். போரினாற் பட்டினியுற்ற ஐரோப்பிய மக்களை மீட்டும் ஊட்டுமாறு எங்ஙனமென்று அறிதலே ஆன்சல் கீஸ் என்னும் ஆசிரியரின் நோக்கம். 24 வாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,570 கலோரியே அவர்கட்கு அளிக்கப்பட்டது. எடையிற் காற்பங்கு குறைந்தது. ஆனால், அவ்விளைஞர் உணவையன்றி வேறொன்றை நினையாராயினர். சமையல் நூல்களைத் திரட்டிப் படித்தனர், தட்டை நக்கினர், விதிக்கு மாறாகக் கடையில் வாங்கித் தின்று வருந்தினாரும் உளர். கட்டுப்பாடு நீங்கிய பின்னர், வயிறு நிறைந்தும் ஆசை நிறையாமல் ஒரு நாளில் ஆயிரக்கணக்கான கலோரி உண்டனர். கொள்கைக்காகச் சிறைக்கும் அஞ்சாத உறுதியுடையோர் அவர்கள். அவர் நிலையே அதுவாயின், ஒருவேளை உணவை விட்டுவிட்டு மாலையில் தடுமாறும் மாணவரை உறுதியற்றவர் என்று கூற நமக்கு நா எழவில்லை.

ஆதலின், இரண்டு வேலையையும் ஒருங்கே பட்டினியால் முடிக்க முயலாது, முதலில் மாலைப் பழக்கத்தை மாற்றுக. எடை பின்னர் இறங்கும். காலையுணவை விடலாகாது. ஆறு மணிக்கு வரும் பசியை நாலரை மணிக்கே எதிர்கொள்ளுதல் வேண்டும். சுண்டல் ஒரு கிண்ணமோ, அவித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடியோ, இரண்டு அவித்த முட்டையோ, ஒரு வாழைப்பழமும் ஒரு குவளை மோருமோ போதும். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் ஏறத்தாழ 160 கலோரியும் 9 கிராம் புரதமும் உள்ளன. அது மெல்லவேண்டிய உணவு. ஆதலின் விரைந்து செல்லாது. வயிற்றில் அஃது இருக்கும்போது வண்டியின் ஓசை வெறும் ஓசையாகவே கேட்கும். விடுதி உணவுக் குழுவில் இருக்கும் மாணவர்க்கு இங்கே ஒரு வேலையுண்டு. மாலைத் தேநீருடன் நாடோறும் பஜ்ஜியும் பிஸ்கட்டும் வைப்பதற்கு மாறாக, வாரத்தில் நான்கு நாளாவது சுண்டல் வைக்கக் கேட்கலாம். அதற்குச் செலவு மிகுமென்று நாம் நினைக்கவில்லை.

அடுத்தது வழி. வண்டி நிற்கும் வாயிலை விடுத்து வேறு வாயிலாற் செல்லுதல் நகைப்பிற்குரியதாகத் தோன்றலாம். சோளப்பொரிச் சோதனையை நினைப்பார்க்குத் தோன்றாது. வேறு வாயில் இல்லையேல், அந்நேரத்தில் தெருவிலிராது திடலிலோ நூலகத்திலோ இருத்தல் தகும். மாலை ஆறு மணிக்கு நண்பர் அழைத்தால் இன்னது சொல்வேன், இன்னது வாங்குவேன் என்று முன்னரே வாசகமாக வகுத்து வைத்துக்கொள்ளுதலும் பயன்படும். பீட்டர் கோல்விட்சர் என்னும் உளநூலார் இம்முறையைப் பலவாறு ஆய்ந்துள்ளார். அந்த நொடியில் எண்ணித் துணிவதினும், முன்பே எண்ணி வைத்ததை அந்த நொடியிற் செய்தல் எளிது. நண்பரை முற்றும் துறத்தல் வேண்டா. அது நிலைக்கவும் நிலைக்காது. வாரத்தில் ஒரு நாளைக் குறித்து, அன்று அவருடன் அமர்ந்து மெல்லப் பேசிக்கொண்டு ஒரு தட்டு உண்பதால் எவரும் பருத்துவிடார்.

தள்ளுவண்டியாவது தன்னிடத்தில் நிற்கின்றது. கைபேசியிலுள்ள கடையோ நம் படுக்கைக்கே வந்துவிடுகின்றது. இரவு பதினொரு மணிக்குச் சலுகை விலை கூறி அழைக்கும் அச்செயலியை நீக்குக. நீக்க மனம் வாராவிடில், அதிற் பதிந்து வைத்த பண அட்டை எண்ணையாவது அழித்து, அறிவிப்புகளை அடைத்து வைக்க. ஒவ்வொரு முறையும் எண்ணைத் தட்டவேண்டிய அந்த இரண்டு நிமிடத் தொல்லையில் ஆசை பலகால் அவிந்துவிடும். உறக்கமும் இதனோடு சேர்ந்தது. சிக்காகோப் பல்கலைக்கழகத்தார் 2004-இல் வெளியிட்ட சிறு ஆய்வொன்றில், இரண்டு இரவு நான்கு மணி நேரமே உறங்கவிடப்பட்ட 12 இளைஞர்க்குப் பசியைத் தூண்டும் சுரப்பு மிகுந்தும், நிறைவைத் தரும் சுரப்பு குறைந்தும் காணப்பட்டன. தேர்வுக்காலத்தில் நாம் அனைவரும் பரோட்டாவை நாடுவதன் காரணத்தில் ஒரு பங்கு இது.

எத்தனை நாளில் இது கைகூடும் என்று வினவுவார்க்கு 21 நாள் என்று பலர் கூறக் கேட்கின்றோம். இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி முதலியோர் 96 பேரை வைத்து ஆய்ந்து 2010-இல் வெளியிட்டபடி, புதுப்பழக்கமொன்று தானே நிகழும் நிலையை அடைய நடுத்தரமாக 66 நாளாயிற்று; சிலர்க்கு 18 நாள், சிலர்க்கு 254 நாள் என்று கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் கெடுக்கவில்லை என்பதும் அவர் கண்டது. வெள்ளிக்கிழமை வண்டியில் உண்டவர் சனிக்கிழமை காலையுணவை விடாது, நாலரை மணிச் சுண்டலுக்கு வழக்கம்போல் வந்து அமர்வாராக. எடையை நாடோறும் பார்த்து மனம் புழுங்குதலும் வேண்டா, வாரத்திற்கொருமுறை போதும், அரைக் கிலோ இறங்கினால் நன்று. உடல் மெலிந்திருந்தும் தம்மைப் பருத்தவரென்று எண்ணி உணவைக் குறைக்கும் மாணவியரும் மாணவரும் நம்மிடையே உளர். அவர்க்கு இக்கட்டுரை எழுதப்பட்டதன்று. அவர் மருத்துவரைக் காணுதல் வேண்டும்.

இவற்றைத் தொடங்குதற்கு ஏற்ற காலம் கல்லூரி திறக்கும் வாரம். வெண்டி வுட் முதலியோர் வேறு பல்கலைக்கழகத்திற்கு மாறிச்சென்ற மாணவரை ஆய்ந்து 2005-இல் எழுதியதில், சூழல் மாறியபோது பழைய பழக்கங்கள் தளர்ந்து, மாணவரின் கருத்தே செயலை நடத்தக் கண்டனர். விடுதியில் அறை மாறும் நாள் நமக்கு அத்தகையது. புதிய அறையிலிருந்து வகுப்பிற்கும் திடலுக்கும் செல்லும் வழி இன்னும் காலிற் பழகியிராது. அவ்வாரத்திலேயே எவ்வாயிலாற் செல்வது, நாலரை மணிக்கு எங்கே யாருடன் அமர்வது, கடலையை யார் வாங்கி வைப்பது என்பவற்றை அறைத்தோழரோடு இருந்து பேசி முடித்துக்கொள்க.