இதயம் ஓய்வெடுக்கும் கணத்தில்

பத்தாம் வகுப்பில் அணுக்கரு இயற்பியல் பாடம் முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க அப்பாவுக்கு இதயத்துல சி.டி. ஸ்கேன் எடுக்கணுமாம். கதிர்வீச்சு ஆபத்துன்னு போக மாட்டேங்கிறார். நிஜமாவே ஆபத்தா?"

'பயப்படாதே' என்று சொல்லி முடித்திருக்கலாம். அது அறிவியல் பதில் ஆகாது. அடுத்த பாடவேளையை அதற்கே ஒதுக்கினேன்.

செயல்பாடு 1: மாணவர்கள் ஒரு நிமிட நாடித்துடிப்பை எண்ணினர். 60-ஐ அந்த எண்ணால் வகுத்தால் ஒரு துடிப்புக்கான நேரம் கிடைக்கும். 60 துடிப்பு என்றால் 1 நொடி. 90 என்றால் 0.67 நொடி. துடிப்பு கூடும்போது இதயம் விரிந்து ஓய்வெடுக்கும் நேரமே அதிகம் குறைகிறது. ஓடுபவரைப் படமெடுத்தால் கலங்கும் அல்லவா? அதனால்தான் ஸ்கேனுக்கு முன், தேவைப்படுவோருக்குத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தருகிறார்கள். முன்பு துடிப்பு முழுவதும் எக்ஸ் கதிரைப் பாய்ச்சி, பிறகு தெளிவான படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இப்போது துடிப்பு சீராக உள்ளவர்களுக்கு, இ.சி.ஜி.யைக் கவனித்து ஓய்வுக் கணத்தில் மட்டும் பாய்ச்ச முடிகிறது.

செயல்பாடு 2: மற்றவை மாறாதபோது, கதிர்வீச்சளவு குழாய் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். 120 கிலோவோல்ட்டை 100 ஆக்கினால்? மாணவர்களே கணக்கிட்டனர்: 0.69. ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு! இரத்தக்குழாயில் செலுத்தும் அயோடின் மருந்து, குறைந்த மின்னழுத்தத்தில் இன்னும் பளிச்செனத் தெரியும். பருத்த உடலினருக்கு மட்டும் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படலாம்.

செயல்பாடு 3: 2007இல் 50 மையங்களில் நடந்த பன்னாட்டு ஆய்வில், இதய சி.டி.யின் இடைநிலைக் கதிர்வீச்சு சுமார் 12 மில்லிசீவர்ட். 2017இல் 32 நாடுகளில் நடந்த ஆய்வில் அது 78 சதவீதம் குறைந்திருந்தது. மீதி? சுமார் 2.6. இயற்கையிலிருந்து மனிதர் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4. ஐந்தாண்டு அளவு ஏறத்தாழ ஓராண்டு அளவாகச் சுருங்கியதை மாணவர்களே கண்டறிந்தனர்.

ஆபத்து சுழியம் என்று நான் சொல்லவில்லை. தேவையற்ற ஸ்கேன் வேண்டாம். தேவையான ஸ்கேனை அஞ்சித் தவிர்க்கவும் வேண்டாம் என்றேன். மருத்துவரிடம் கேட்க இரு கேள்விகளை எழுதிக்கொண்டார்கள்: இந்த ஸ்கேன் ஏன் தேவை? கதிர்வீச்சைக் குறைக்க என்ன செய்வீர்கள்?

மறுவாரம் அவள் சொன்னாள்: "அப்பா ரெண்டு கேள்வியும் கேட்டாரு சார். வெள்ளிக்கிழமை ஸ்கேனுக்குப் போறாரு."