பெயர் நிலையானது, முகவரி மாறக்கூடியது: களப்பெயரைக் கற்பிக்க ஒரு வகுப்பறைச் செயல்பாடு

எங்கள் பள்ளி நூலகப் புத்தகப் பட்டியலை மாணவர்கள் பழைய கணினி ஒன்றில் ஏற்றி, வீட்டிலிருந்தும் பார்க்கும்படி செய்திருந்தார்கள். ஒரு நாள் மின்தடை ஏற்பட்டது. மறுநாள் காலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி கேட்டாள்: “சார், கணினி ஓடுகிறது. வீட்டிலிருந்து திறந்தால் மட்டும் பட்டியல் வரவில்லை. ஏன்?” அந்தக் கேள்வியே அன்றைய பாடமானது.

கருத்து விளக்கம்

இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண் முகவரியால் அடையாளம் காண்கின்றன. ஐ.பி. நான்காம் பதிப்பு முகவரிகள் 32 பிட்டுகள் கொண்டவை. எனவே மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே உண்டு. தட்டுப்பாடு காரணமாகச் சேவை நிறுவனங்கள் பெரும்பாலும் முகவரியைத் தற்காலிகமாகவே தருகின்றன. திசைவி அணைந்து மீண்டும் இயங்கும்போது வேறு முகவரி கிடைக்கலாம். எங்கள் பள்ளியில் நடந்ததும் இதுதான்.

எண்ணை நினைவில் வைப்பது கடினம் என்பதால், பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் டி.என்.எஸ். முறையை 1983இல் பால் மோக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். அதன் பதிவுகளை நிரல் வழியாகவே புதுப்பிக்கும் முறையை 1997இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2136 வரையறுத்தது. இன்று பள்ளிக் கணினியிலோ திசைவியிலோ உள்ள சிறு நிரல், தன் வெளி முகவரியைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை சரிபார்க்கிறது. முகவரி மாறியிருந்தால், கடவுச்சொல்லுடன் பதிவேட்டுக்குத் தெரிவிக்கிறது.

செயல்பாடு (20 நிமிடங்கள்)

1. ஒரு மாணவர் ‘பதிவேடு’, ஒருவர் ‘கணினி’, ஒருவர் ‘இடையாள்’, மற்றவர்கள் ‘வாசகர்கள்’.
2. கணினி 5ஆம் பெஞ்சில் அமர்கிறார். பதிவேடு “நூலகம் – 5” என்று எழுதுகிறார்.
3. வாசகர் இடையாளிடம் கேட்கிறார். இடையாள் பதிவேட்டிடம் கேட்டு, “5, இரண்டு நிமிடம் செல்லும்” என்று துண்டுச்சீட்டில் குறித்துக்கொள்கிறார்.
4. கணினி 9ஆம் பெஞ்சுக்கு மாறி, உடனே பதிவேட்டிடம் சொல்கிறார். 5ஆம் பெஞ்சில் வேறொரு மாணவர் அமர்கிறார்.
5. இப்போது வாசகர் மீண்டும் கேட்கட்டும். சீட்டின் காலம் முடியும்வரை இடையாள் “5” என்றே சொல்வார்.

“பதிவேட்டில் திருத்திவிட்டோமே, பிறகு ஏன் தவறான பெஞ்சுக்குப் போனார்?” என்று கேளுங்கள். நகலுக்கும் ஆயுட்காலம் உண்டு என்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். முகவரி அடிக்கடி மாறுமிடத்தில் அதை ஒரு நாளாக, அதாவது 86,400 வினாடிகளாக, வைக்காமல் 300 வினாடிகள்போல் குறைத்து வைப்பது இதனால்தான்.

ஆசிரியர் கவனத்திற்கு

5ஆம் பெஞ்சில் இருப்பவர் அந்நியர். வாசகர் அவரிடம் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால்? இந்தக் கேள்வியைத் தவறாமல் விவாதியுங்கள். பெயருக்குரிய பாதுகாப்புச் சான்றிதழ் அந்நியரிடம் இருக்காது, உலாவி எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு உள்ளே செல்லக் கூடாது என்று பழக்குங்கள். மாணவர்களின் பெயர், மதிப்பெண், தொலைபேசி எண் ஆகியவற்றை இத்தகைய கணினியில் வைக்கவே வேண்டாம்.

சில இணைப்புகளில் ஒரே வெளி முகவரியைப் பல வாடிக்கையாளர்கள் பகிர்ந்துகொள்வர். அங்கே பெயரைப் புதுப்பித்தாலும் வெளியிலிருந்து கணினியை அடைய முடியாது. முதலில் இதைச் சேவை நிறுவனத்திடம் கேட்டறியுங்கள்.

மதிப்பீடு

“வீடு மாறியும் அஞ்சலகத்தில் சொல்லாவிட்டால் என்ன ஆகும்? சொன்ன பிறகும் ஒரு கடிதம் பழைய வீட்டுக்குப் போனால் காரணம் என்ன?” இரண்டையும் களப்பெயரோடு ஒப்பிட்டு ஐந்து வரிகளில் எழுதச் செய்யுங்கள்.