வலி தணித்தலும் வையாவிருத்தியமே

ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில், போளூர், ஆரணி வட்டாரங்களில், நம் சமயக் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. மலைமேல் ஜமுனாமரத்தூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இவ்விரு சாராரும் பெரிய அறுவை மருத்துவத்திற்கு வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ செல்வதே வழக்கம். இடுப்பெலும்பு முறிவாயினும், கருப்பை நீக்கமாயினும், சில நாட்களில் நோயாளி வீடு திரும்பிவிடுகிறார். அதன்பின் நள்ளிரவில் வலி எழுந்தால் அருகிலிருப்பவர் செவிலியர் அல்லர். மகளோ, மருமகளோ, கணவரோதான். அவர்கள் அறிய வேண்டியவற்றை இப்பாடத்தில் காண்போம்.

பொறுத்தல் தவமாகுமா?

"வலியைப் பொறுத்தால் வினை கழியும், மருந்து எதற்கு?" என்று நம்மவருள் சிலர் கூறக் கேட்கிறோம். வலி அசாதா வேதனீய கருமத்தின் உதயத்தால் வருவது என்பது உண்மையே. ஆயின் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம், வேதனையைப் பற்றிய இடைவிடாத நினைவையும் ஆர்த்த தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாகவே வைக்கிறது. கலங்கிய மனத்தோடு துன்புறுங்கால் பழவினை உதிரும்போதே புதுவினையும் வந்து கட்டுகிறது. முனிவர் மனமுவந்து ஏற்கும் பரீஷஹ ஜயம் வேறு. அறுவைக் காயத்தோடு கிடக்கும் இல்லறத்தார் மருந்தின்றித் துடிப்பது வேறு. நோயுற்றார்க்குப் பணிவிடை செய்யும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. மருந்தளித்தல் நால்வகைத் தானத்துள் ஒன்று. ஆகவே வலி தணித்தல் அறத்திற்கு மாறன்று, அறமே.

உடல் நலமும் இதையே வேண்டுகிறது. வலிக்கு அஞ்சி ஆழ்ந்து மூச்சு விடாதவர்க்கும் இருமாதவர்க்கும் நுரையீரலில் சளி தங்கி நிமோனியா வரக்கூடும். அசையாது கிடப்பவர்க்குக் கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறையக்கூடும். அது நுரையீரலுக்குச் சென்றடைத்தால் உயிருக்கே ஆபத்து. வலி அறவே இல்லாதிருப்பது நம் குறிக்கோள் அன்று; நோயாளி மூச்சிழுக்கவும், இருமவும், சில அடிகள் நடக்கவும், உறங்கவும் முடிய வேண்டும்.

வலியை அறிதல்

பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 2020-ல் திருத்திய விளக்கம், வலி என்பது அவரவர் சொந்த அனுபவம் என்றும், நோயாளி கூறுவதை மதிக்க வேண்டும் என்றும் வலியுறுத்துகிறது. 0 என்றால் வலியில்லை, 10 என்றால் தாங்கவியலாத வலி என்று கொண்டு, படுத்திருக்கும்போது எவ்வளவு, எழும்போது எவ்வளவு என இருமுறை கேட்க. நம் தாய்மார் பலர் "ஒன்றுமில்லை" என்றே கூறுவர். முகச்சுளிப்பு, உணவு மறுத்தல், திரும்பிப் படுக்க அஞ்சுதல் ஆகியவற்றைக் கண்டு உணர்க. மருந்து தந்த நேரத்தையும் வலியின் அளவையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக.

மருந்தும் நேரமும்

வலி முற்றிய பின் தணிப்பது கடினம். எனவே முதல் சில நாட்கள் மருத்துவர் குறித்த மணிக்கே மருந்து தருக. உடற்பயிற்சிக்கும் மலைச்சாலைப் பயணத்திற்கும் அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே ஒரு வேளை மருந்து அமையுமாறு மருத்துவரிடம் கேட்டு வகுத்துக்கொள்க.

பாராசிட்டமால் பெரியவர்க்கும் நாளொன்றுக்கு 4 கிராமைக் கடக்கலாகாது. மெலிந்தவர்க்கும் கல்லீரல் நோயுடையார்க்கும் அளவு இன்னும் குறைவு. சளி, காய்ச்சல் மாத்திரைகளிலும் இதுவே கலந்திருக்கலாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஐபுபுரோபன், டைக்ளோபினாக் போன்றவை வயிற்றுப் புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கக்கூடும். டிரமடால், மார்பின் வகைகள் மலச்சிக்கலையும் மயக்கத்தையும் தரலாம். மருத்துவர் மேற்பார்வையில் குறுகிய காலம் உண்பதால் அடிமையாவது அரிது. மிஞ்சிய மாத்திரைகளைப் பிறருக்குத் தரலாகாது.

நம் நெறியில் எழும் மூன்று ஐயங்கள்

இரவு உணவு நீக்கிய இல்லறத்தாருள் பலர் நீருக்கும் மருந்துக்கும் விலக்கு வைத்துக்கொள்வர். விலக்கின்றி விரதம் ஏற்றோர், விரதம் அளித்த பெரியோரை அறுவைக்கு முன்பே கலந்தறிக. நெடுநேரம் வேலை செய்யும் மருந்து, ஊசி, ஆசனவாய் வழி மருந்து ஆகியவை பொருந்துமா என மருத்துவரிடமும் கேட்க. அந்திக்கு முன் இரு வேளை மருந்தை ஒருசேர விழுங்குவது பெருந்தீங்கு.

கேப்சூலின் மேலுறை பெரும்பாலும் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. அதே மருந்து மாத்திரையாகவோ பாகாகவோ கிடைக்குமா என வினவுக. உறையைப் பிரித்துத் தூளைக் கொட்டிக் கொடுக்கலாகாது. மெல்லக் கரைய வேண்டியது ஒரே நேரத்தில் உடலில் சேர்ந்துவிடும்.

அட்டமி, சதுர்த்தசி உபவாசங்களைக் காயம் ஆறும் வரை தள்ளி வைப்பதே நன்று. வெறும் வயிற்றில் வலி மருந்து தீங்கு செய்யும். புரதமின்றிக் காயமும் ஆறாது. பருப்பு, பயறு உணவுகளும் காய்ச்சிய நீரும் போதிய அளவு தருக.

மருந்தில்லா உதவிகள்

வயிற்று அறுவையாயின் சிறு தலையணையைக் காயத்தின்மேல் அணைத்துக்கொண்டு இருமச் செய்க. எழும்போது ஒருக்களித்து, கையூன்றி எழச் செய்க. ஆழ்ந்த மூச்சோடு பஞ்ச நமஸ்காரத்தை மெல்ல ஓதுதல் மனத்தை வலியிலிருந்து மீட்கும். ஆயினும் அது மருந்துக்கு மாற்றன்று, துணையே.

காலந்தாழ்த்தலாகாத அறிகுறிகள்

குறைந்து வந்த வலி மீண்டும் ஏறுதல், காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்குதல், வயிறு உப்பி வாந்தி, சிறுநீர் பிரியாமை ஆகியவை கண்டால் அன்றே மருத்துவரை அணுகுக. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, எழுப்பியும் எழாத மயக்கம், மிக மெதுவான மூச்சு ஆகியவை கண்டால் உடனே 108-ஐ அழைக்க. மலைவாழ்வோர் ஊர்தி வந்து சேரும் நேரத்தையும் கணக்கிட்டு முன்னதாகவே அழைத்தல் வேண்டும். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பேணலும் இல்லத்திலேயே தர வழியுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பெறுக.

நோயாளியின் அருகமர்ந்து, "இப்போது வலி எவ்வளவு?" என்று கேட்டு, அவர் சொல்வதை நம்பி, உரிய வேளையில் உரிய மருந்தை அளிப்பவர் செய்வது உயர்ந்த பணிவிடை. அப்பணிவிடை நம் இல்லந்தோறும் நிகழ்வதாக.