கரிமணலும் குருதிக் காவலரும்

நுழையும்முன்

"ஐயா, எங்கள் பாட்டியின் வீடு மணவாளக்குறிச்சிக்கு அருகில் உள்ளது. அவ்வூர்க் கடற்கரை மணலில் கதிர்வீச்சு உண்டாம். விடுமுறைக்கு அங்குச் சென்றால் என் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துவிடுமா?" சென்ற ஆண்டு இவ்வகுப்பில் ஒரு மாணவி கேட்ட வினா இது. 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் கூறிவிட்டால் அவ்வினாவிற்கு நீதி செய்ததாகாது. அவ்வினாவிற்கு விடை தேடுவதே இப்பாடம்.

கயிற்றில் ஒட்டிய மணல்

திருவிதாங்கூரிலிருந்து அயல்நாடுகளுக்குத் தென்னங்கயிறு ஏற்றுமதியான காலம் அது. அக்கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர் கண்டறிந்தார். மோனசைட்டில் தோரியம் உண்டு. அக்காலக் காஸ் விளக்குகளின் மேண்டில் செய்யத் தோரியம் தேவைப்பட்டது. எனவே முதலில் மணவாளக்குறிச்சியிலும், பின்னர்க் கொல்லம் மாவட்டத்துச் சவறாவிலும் மணலைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் எழுந்தன. மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூருக்கு உட்பட்ட ஊர். 1956 நவம்பர் 1 அன்றே குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எல்லைக்கோடு மாறினும் கரிமணல் இரு கரைகளுக்கும் பொதுவாகவே உள்ளது.

தோரியம் மிக மெதுவாகச் சிதையும் தனிமம். அதுவும் அதன் சிதைவால் தோன்றும் தனிமங்களும் கதிர்களை வெளியிடுகின்றன. ஆதலால் இக்கடற்கரைகளில் இயற்கைக் கதிர்வீச்சு பிற இடங்களைவிட மிகுதி.

குருதிக் காவலர்

நம் உடலைக் காக்கும் வெள்ளையணுக்கள் எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களிலிருந்து தோன்றுகின்றன. அவற்றுள் நியூட்ரோஃபில்கள் கிருமிகளை முதலில் எதிர்கொள்பவை. அவற்றின் வாழ்நாள் மிகக் குறுகியது. எனவே மஜ்ஜை ஓய்வின்றிப் புதியவற்றை அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். லிம்போசைட்டுகள் மற்றொரு வகை. அவற்றுள் பி அணுக்கள் மஜ்ஜையிலேயே முதிர்ந்து, கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை உருவாக்குகின்றன. டி அணுக்கள் மார்பெலும்பின் பின்னுள்ள தைமஸ் சுரப்பிக்குச் சென்று பயிற்சி பெறுகின்றன. தன் உடலணு எது, அயலணு எது எனப் பிரித்தறியக் கற்றவையே அங்கிருந்து வெளிவருகின்றன.

கதிர் தாக்கும் வகை

கதிர்வீச்சு அணுவினுள் உள்ள டி.என்.ஏ. இழையை அறுக்கக்கூடும். அறுந்த இழையைச் செப்பனிடும் புரதங்கள் ஒவ்வோர் அணுவிலும் உண்டு. சேதம் சிறிதாயின் அவை சரிசெய்துவிடும். பெரிதாயின் அணு தன்னைத்தானே அழித்துக்கொள்ளும். பிழையாகச் செப்பனிடப்பட்ட அணு அழியாமல் எஞ்சினால், பிற்காலத்தில் அது புற்றுநோய்க்கு வித்தாகவும் கூடும்.

விரைந்து பிரியும் அணுக்களையே கதிர்வீச்சு மிகுதியாகத் தாக்கும் என்பது பொதுவிதி. எனவே மஜ்ஜையின் குருத்தணுக்கள் எளிதில் பாதிக்கப்படுகின்றன. லிம்போசைட்டுகளோ இவ்விதிக்கு விலக்கு. அவை பிரியாமல் அமைதியாக இருக்கும்போதும் கதிர்பட்டால் எளிதில் மடிகின்றன. பெருமளவுக் கதிர்வீச்சுக்கு ஆளானவரின் குருதியில் லிம்போசைட்டுகளின் எண்ணிக்கை சில மணி நேரத்திலேயே சரியத் தொடங்கும். நியூட்ரோஃபில்கள் அடுத்துவரும் நாள்களிலும் வாரங்களிலும் குறையும். ஊற்று அடைபட்ட கிணற்றில் தேங்கிய நீர் எத்தனை நாளைக்கு வரும்? அதுபோன்றதே மஜ்ஜை நலிந்த உடலின் நிலை.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணுமின் நிலையத்தில் விபத்து நேர்ந்தது. அங்குப் பணியிலிருந்தோரும் தீயணைப்போருமாக 134 பேர் கடுங்கதிர்வீச்சு நோய்க்கு ஆளாயினர். அவர்களுள் 28 பேர் சில மாதங்களுக்குள் உயிரிழந்தனர். ஒருவர் பெற்ற கதிர்வீச்சின் அளவை மதிப்பிட, லிம்போசைட்டுகள் குறையும் வேகமும் மருத்துவர்களுக்கு ஓர் அளவுகோலாயிற்று.

அளவே அடிப்படை

ஏறத்தாழ 500 மில்லிகிரே கதிர்வீச்சு ஒரே நேரத்தில் உடல் முழுவதும் பட்டால் குருதியணு உற்பத்தி குறையத் தொடங்கும். கருநாகப்பள்ளிக் கடலோரத்தில் வீட்டுக்கு வெளியே காணப்படும் இயற்கைக் கதிர்வீச்சோ பொதுவாக ஆண்டுக்கு 4 மில்லிகிரே அளவினது. சில இடங்களில் மட்டும் 70 வரை உயர்கிறது. இதுவும் ஓராண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்வது. பல நாள் பெய்யும் தூறலைக் குளம் தாங்கும். அதே நீர் ஒரே இரவில் வந்தால் கரை உடையும். இடையில் கிடைக்கும் காலத்தில் அணு தன்னைச் செப்பனிட்டுக்கொள்கிறது.

இதனை ஆராய்ந்தோரும் உளர். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 10,000க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியை எடுத்து, அதிலுள்ள லிம்போசைட்டுகளின் குரோமோசோம்களைச் சோதித்தனர். கதிர்வீச்சு மிகுந்த பகுதிக்கும் பிற பகுதிக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளியில் 69,958 பேரைச் சராசரியாகப் பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் மிகுந்ததாக 2009இல் வெளியான அதன் ஆய்வு காட்டவில்லை. இதைக்கொண்டு, கதிர்வீச்சு எந்த அளவிலும் தீங்கற்றது என்று முடிவுகட்டுதல் தவறு. அளவையும் வேகத்தையும் அறியாமல் அஞ்சுவதும் அதற்கு இணையான தவறே.

நம் வீட்டுக்கு வரும் உறவினர்

குமரி, நெல்லை மாவட்டங்களிலிருந்து கதிர்வீச்சு மருத்துவம் பெறத் திருவனந்தபுரம் வருவோர் பலர். அவர்களுள் ஒருவர் உங்கள் வீட்டில் தங்கவும் கூடும். உடலுக்கு வெளியிலிருந்து கருவி வழியாகக் கதிர்வீச்சு பெற்றவரின் உடலில் கதிர் தங்குவதில்லை. அவர் அருகில் அமரலாம், கையைப் பற்றிக்கொள்ளலாம். ஆனால் மருத்துவக் காலத்தில் அவருடைய வெள்ளையணுக்கள் குறையக்கூடும். எனவே கைகளைக் கழுவிய பின்னரே நெருங்குக. உங்களுக்குச் சளியோ காய்ச்சலோ இருப்பின் விலகியிருங்கள். அவருக்குக் காய்ச்சல் கண்டால் உடனே பெரியோரிடம் கூறி மருத்துவருக்குத் தெரிவிக்கச் செய்க. அவரிடமிருந்து நமக்கு அச்சமில்லை. நம்மிடமிருந்தே அவரைக் காக்கவேண்டும்.

அம்மாணவி விடுமுறைக்குப் பாட்டி வீடு சென்று வந்தாள். திரும்பியபோது சிறு காகிதப் பொதியில் கரிமணல் கொண்டுவந்து காட்டவும் விரும்பினாள். "மணல் கடற்கரையிலேயே இருக்கட்டும், நீ கண்டதை எழுதிக்கொண்டு வா" என்றேன்.

சொல்லும் பொருளும்

குருதி – இரத்தம்
குருத்தணு – பிற அணுக்கள் தோன்றுவதற்கு மூலமான அணு
செப்பனிடுதல் – பழுது நீக்குதல்
நலிதல் – வலிமை குன்றுதல்
பச்சிளங்குழந்தை – பிறந்து சில நாள்களே ஆன குழந்தை

பயிற்சி

1. மணவாளக்குறிச்சி தமிழகத்தோடு இணைந்த ஆண்டு எது?
2. லிம்போசைட்டுகள் பொதுவிதிக்கு விலக்காவது எவ்வாறு?
3. 'தூறலும் குளமும்' என்னும் உவமை உணர்த்தும் பொருளை விளக்குக.
4. பிரித்து எழுதுக: தென்னங்கயிறு, வெள்ளையணு, கடலோரம்.
5. கதிர்வீச்சு மருத்துவம் பெறும் உறவினர் உங்கள் வீட்டுக்கு வருகிறார். நீங்கள் பின்பற்றவேண்டியவற்றை உங்கள் தம்பிக்குக் கடிதமாக எழுதுக.
6. உங்கள் பெற்றோரின் சொந்த ஊர் மண்ணைப் பற்றி வீட்டில் உள்ள மூத்தோரிடம் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதி வருக.